அஹோலாவில் மூன்று நிமிடம்

1986ஆம் வருடம் ஜூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை காலையிலிருந்து அஹோலா ஊரில் யாராலும் ஒரே மூச்சில் மூன்று நிமிடத்துக்கு மேல் பேச முடியாமல் போயிற்று. முந்தின நாள் மாலை கார்ப்பி குன்றின் மேல் இடி விழுந்திருந்தது. அதே வாரம் காபித்தூள் பவுண்டுக்கு இருபது சென்ட் ஏறியது. ஊரில் முதலில் பேசப்பட்டது அந்த இருபது சென்ட்தான். மூன்று நிமிடம் ஆனதும் வாய் அசையும், நாக்கு புரளும், சத்தம் மட்டும் வராது. வாயை மூடி ஒரு மூச்சு விட்டால், பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு தகரம், வாளியோ அடுப்புப் புகைபோக்கியோ, ‘டிங்’ என்று ஒரு தரம் ஒலிக்கும். அப்புறம் இன்னொரு மூன்று நிமிடம் கிடைக்கும். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வெளியூரிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் நாற்பது பேரின் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு தம் முடிவைச் சொல்லத் தொடங்கி, பாதியில் சத்தமில்லாமல் நின்றுபோனார்.

காரணம் லெம்பி ஹவுத்தாலாவுக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் பள்ளிக்கூட உணவறையில் தலைமைச் சமையல்காரி, வயது ஐம்பத்து நான்கு. கார்ப்பி குன்றின் மேல் கொட்டகையில் இருக்கும் ரிப்பீட்டரைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள் அந்த ஊரில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் கையிலுள்ள சின்னப் பெட்டியின் குரல் தெருமுனை தாண்டாது. குன்றின் மேலுள்ள ரிப்பீட்டர் அந்த மெலிந்த குரலைப் பிடித்து, அந்தக் கணமே பலமாகத் திருப்பி அனுப்பும். சுற்றிலும் முப்பத்தேழு மைலுக்குக் கேட்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏழு பேரும் கூடி யார் வீட்டில் எவ்வளவு பனி, யார் கார் கிளம்பவில்லை என்று பேசிக்கொள்வார்கள். யாராவது பொத்தானை அமுக்கியபடியே விடாமல் பேசினால் இயந்திரம் சூடேறிப் பொசுங்கிவிடும் என்பதற்காக அதற்குள் ஒரு டைமர் உண்டு. நேரம் ஆனதும் பேச்சை வெட்டிவிடும். பொத்தானை விட்டால் ‘டிங்’ என்று ஒலித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். அந்த டிங்குக்குக் காத்திருப்பதுதான் அவர்களுக்குள் மரியாதை. காத்திருக்காமல் குறுக்கே புகுந்தவன் கணக்கில் முன்னவன் பேசிய நேரமும் சேர்ந்துகொள்ளும்.

1975இல் இயந்திரம் வைத்தபோது டைமரை மூன்று நிமிடத்தில் நிறுத்தியவள் லெம்பி. அந்த ஏழு பேர் சங்கத்தின் பராமரிப்பு நோட்டில் அவள் எழுதிய காரணம்: வெப்பம். உண்மையான காரணம் அவள் புருஷன் ஆர்விட். ஏழு பேருக்கும் அது தெரியும், ஆர்விட் உட்பட.

ஆர்விட் முப்பது வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். குளிர்காலம் முழுக்க தன்னந்தனியாக அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததில் அவனுக்குள் பேச்சு சேர்ந்துபோயிற்று. அஹோலாக்காரர்களோ பின்லாந்திலிருந்து வந்து செம்புச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டாலே ‘ம்’ என்று பாதி மெய்யெழுத்தில் முடித்துவிடுகிறவர்கள். அவர்கள் நடுவில் ஆர்விட் கதை சொன்னான். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த கரடியின் கதை. ஏரிப் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போய், தன் தொப்பியையே பிடித்த போதகரின் கதை. ஒரு கதையின் வயிற்றில் இன்னொன்று, அதன் வயிற்றில் மற்றொன்று. கேட்பவர்களுக்கு ஒவ்வொருவராக வீட்டில் சவுனா என்கிற ஆவிக்குளியல் அறைக்கு நெருப்புப் போட்டது நினைவுக்கு வரும். கடைசியில் லெம்பியும் அடுக்களைக்குப் போய்விடுவாள். கல்யாணமான இருபத்தொன்பது வருடத்தில் ஆர்விட் கதை எதற்கும் முடிவு என்ன என்று யாருக்கும் தெரியாது, லெம்பிக்கும் தெரியாது. ரேடியோவில் மட்டும் யாரும் எழுந்து போக வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையை டைமர் செய்தது.

இப்போது டைமர் ஊருக்கே வந்துவிட்டதில் ஊர் சந்தோஷமாக இருந்தது. ஞாயிறு பிரசங்கம் மூன்று மூன்று நிமிடமாக உடைந்து, இரண்டாவது துண்டோடு போதகரே அலுத்து முடித்துவிட்டார். ஊர்மன்றக் கூட்டம் முக்கால் மணி நேரத்துக்குள் கலைந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் டிங்குக்குக் காத்திருப்பார்கள்? இருவர் நேரமும் ஒன்றாய்ச் சேர்ந்து, மூன்றாம் நிமிடத்தில் இரண்டு பேரும் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்தால் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிடும். நீளமாகப் பேசியே ஆகவேண்டும் என்றால் முப்பத்தேழு மைல் தாண்டி, சாலையோரச் சரளைத் திடலில் காரை நிறுத்திப் பேசினார்கள். ஆகஸ்ட் மாதத்துக்குள் அங்கே ஒரு சாசேஜ் கடை வந்துவிட்டது. வக்கீல் ஒருவர் மடக்கு மேஜை போட்டுக்கொண்டார்.

செப்டம்பரில் சங்கத்தார் வைனோ சாரியின் இரும்புக்கடையில் கூடினார்கள். வைனோதான் சங்கத் தலைவர்.

“லெம்பிம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், குன்றுப்பக்கம் மட்டும் போயிடாத,” என்றார் வைனோ. “முப்பது வருஷமா பிரசங்கம் கேட்டுக் கேட்டு முதுகு ஒடிஞ்சுபோச்சு. இப்பத்தான் கொஞ்சம் நிமிந்து உக்காந்திருக்கேன்.”

“மெஷின் கெட்டுப்போயிருக்கு வைனோ. பாக்காம எப்படி விடறது?”

“கெட்டது மெஷின்னு உனக்கு யார் சொன்னா? இத்தனை காலமா ஊருதான் கெட்டுக் கெடந்துது.”

“ஆர்விட் என்ன சொல்றான்?” என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

“மூணு நிமிஷத்துல எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்றான்,” என்றாள் லெம்பி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்விட்டும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் பிந்தி. பழுது பார்க்க வேண்டாம் என்று ஐந்து கைகள் உயர்ந்தன, வேண்டும் என்று ஒரு கை. லெம்பி கை தூக்கவே இல்லை. அவளுக்கும் அந்த மூன்று நிமிடம் பிடித்துப்போயிருந்தது. டிங் ஒலித்த பிறகு தன் வீட்டிலேயே தனக்கும் ஒரு முறை வருகிறது என்பதை அவள் அப்போதுதான் கண்டிருந்தாள். உணவறையில் நடந்ததையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னாள். இருபத்தொன்பது வருடத்து உணவறை.

ஆர்விட் முதலில் வேகமாகப் பேசிப் பார்த்தான். பிறகு தவணை தவணையாகச் சொல்லிப் பார்த்தான். ஆனால் டிங் என்றதும் கேட்பவர்கள், “மணி அடிச்சாச்சு ஆர்விட்,” என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்கள். டிசம்பரில் அவன் கதை சொல்வதை விட்டான். ஜனவரியில் ‘ம்’ என்று மட்டும் சொன்னான். ஊர் அவனைப் பாராட்டியது, ஒருவழியாக மனுஷனாகிவிட்டான் என்று. அதுவரை ஹவுத்தாலா வீட்டுக் கூரையில் எந்தக் குளிர்காலத்திலும் பனி தங்கியதில்லை. அந்த வருடம் ஐந்தடி நின்றது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே காபிப் பாத்திரத்தின் மூடியில் உறைபனி படர்ந்தது. லெம்பி தினம் காலையில் அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாள்.

மார்ச் பதினெட்டாம் தேதி புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஆர்விட் வாயைத் திறந்தான்.

“சனிக்கிழமை பஸ்ல டுலூத் போறேன். ரூடி வீட்டுக்கு.”

ரூடி அவன் அண்ணன். “ரூடிக்குத்தான் காது கேக்காதே,” என்றாள் லெம்பி.

“கேக்காட்டி என்ன? எழுந்து போக மாட்டான்.”

“திரும்பி எப்ப வருவ?”

“கதை முடிஞ்சதும்.”

மொத்தம் பதினைந்து வினாடிப் பேச்சு. லெம்பியைப் பயமுறுத்தியது அந்தப் பதினைந்துதான்.

மறுநாள் அவள் உணவறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பனிச்செருப்பை மாட்டிக்கொண்டு குன்றேறினாள். தோள்பையில் மீட்டர், திருப்புளிகள், குறடு, ஒரு ஃபிளாஸ்க், இறைச்சியும் கிழங்கும் வைத்த பாஸ்டி இரண்டு, சங்கத்து நோட்டு. எதையும் வரிசையாகச் செய்கிறவள் அவள். சுலபமானதை முதலில் பார், கஷ்டமானதைக் கடைசியில் பார், எதையும் வெட்டுமுன் எல்லாவற்றையும் பார் என்று நோட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள். மின்சாரம் சரியாக வந்தது. மின்விசிறி சுற்றியது. டைமரின் பின்னால் விளக்கடித்தபோது விஷயம் தெரிந்தது. இடி அதன் தரைக்கம்பியை உருக்கி, கொட்டகைக்கடியில் கிடந்த பழைய சுரங்கத் தண்டவாளத்தோடு ஒட்டவைத்திருந்தது. தண்டவாளம் சுரங்கத்துக்குள் போகிறது, சுரங்கம் செம்புப் பாளத்துக்குப் போகிறது, செம்புப் பாளம் அஹோலாவில் ஒரு வீடு விடாமல் எல்லா வீட்டுக்கடியிலும் போகிறது. டைமரில் பழுதே இல்லை. அது ஊருக்கும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். குறடால் ஒரு கடி கடித்தால் தீர்ந்துவிடும்.

குறடைத் திறந்தவள் நிறுத்தினாள். ரிப்பீட்டருக்குக் காதும் மந்தமாக இருந்தது, தூரத்துக் குரலை அது சரியாகப் பிடிக்கவில்லை. அது ஏன் என்று இன்னும் பார்க்கவில்லை. ஒரே ஆன்டெனாவில் கேட்கவும் பேசவும் செய்கிற இயந்திரம் தன் கத்தலில் தானே செவிடாகிவிடக் கூடாது என்று, நடுவில் ஆளுயரத்தில் ஆறு செம்பு உருளைகள் நிற்கும். உள்ளே வெறும் காற்று. விரல் முட்டியால் தட்டினால் காலிக் குடம் மாதிரி ஒலிக்க வேண்டும். அன்றைக்குத் தானியம் நிரம்பிய குதிர் மாதிரி ‘தொம்’ என்றது. தண்ணீர் இறங்கிவிட்டது என்று நினைத்து முதல் உருளையின் மூடியைத் திருகினாள்.

“...ஆகவே சகோதரரே, இறுதியாக...” என்று போதகரின் குரல் வெளியே வந்தது.

மூன்று நிமிடத்தில் வெட்டுப்பட்ட பேச்செல்லாம் அந்த உருளைகளுக்குள்தான் வந்து சேர்ந்திருந்தது. தலையெல்லாம் ஊரில், வால் எல்லாம் இங்கே. லெம்பி வரிசையாகத் திறந்தாள். இரண்டாவதில் ஊர்மன்றம். மூன்றாவதில் சண்டைகள். அவற்றில் முக்கால்வாசி மன்னிப்பில் முடிந்திருந்தன, சொன்னவர்களுக்கே தெரியாமல். நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஆர்விட். இந்த எட்டு மாதம் மட்டுமில்லை, பதினோரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அடியில் கிடந்தன. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பாஸ்டியைப் பிட்டுத் தின்றுகொண்டே கேட்டாள்.

“...கரடி என் சாப்பாட்டுப் பெட்டிய மோந்து பாத்துட்டு எறங்கிப் போயிருச்சு. நான் வீட்டுக்கு வந்தேன். லெம்பி காபி வச்சிருந்தா.”

அடுத்தது. “...தொப்பிய வறுக்கவா முடியும்? சரின்னு வீட்டுக்கு வந்தேன். லெம்பி காபி வச்சிருந்தா.”

ஐந்தைந்தாகக் கோடு போட்டு நோட்டில் எண்ணினாள். நானூற்றுப் பதினொன்று. எல்லாம் அதே முடிவு. ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் மாறி வந்தது: “லெம்பி தூங்கிட்டா. ஆனா காபி வச்சிருந்தா.”

“இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?” என்று ஆறாவது உருளையைப் பார்த்துக் கேட்டாள். அது காலியாகியிருந்தது. காலிக் குடம் மாதிரி ஒலித்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தாள். கம்பியை வெட்டினால் ஆர்விட் பழையபடி பேசிக்கொண்டே போவான். முடிவு வருவதற்குள் அவள் அடுக்களையில் இருப்பாள். வெட்டாவிட்டால் சனிக்கிழமை பஸ். அவன் சொன்ன முடிவுகளில் மிக நீளமானது ஒன்பது வினாடி. அதையும் கைக்கடிகாரத்தில் பார்த்து நோட்டில் குறித்திருந்தாள். குறடைப் பைக்குள் போட்டுவிட்டு மிகச் சிறிய திருப்புளியை எடுத்து, டைமரின் திருகை ஒரு மயிரிழை திருப்பினாள். சோதித்தாள். இன்னொரு மயிரிழை. மூன்றாவது தடவை சரியாக வந்தது: மூன்று நிமிடம் பத்து வினாடி. மிச்சமுள்ள ஒரு வினாடி மூச்சு விட. நோட்டில் தேதி போட்டு, செய்த மாற்றத்தை எழுதி, காரணம் என்ற இடத்தில் பதினோரு வருடத்துக்கு முன் எழுதியதையே எழுதினாள்: வெப்பம்.

வெள்ளிக்கிழமை மாலை ஆர்விட்டின் பெட்டி கட்டி முடிந்து வாசல் படியில் இருந்தது. லெம்பி காபி வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தக் கரடி கதையச் சொல்லு.”

“எதுக்கு? மணி அடிக்கும். நீ எழுந்து போயிடுவ.”

“இன்னிக்கு எழுந்தா என் காலை ஒடி. சொல்லு.”

சொன்னான். கரடி வண்டியில் ஏறியது, வண்டி பாலத்தைத் தாண்டியது, இடையில் கரடியின் மாமா கதை ஒன்றும் வரப் பார்த்தது. சுவர்க்கடிகாரத்தில் ஒரு கண்ணை வைத்திருந்தவன் அதை அப்படியே தள்ளிவிட்டுப் போனான். மூன்றாம் நிமிடம் முடிந்தது. சத்தம் நிற்கவில்லை. ஆர்விட் திடுக்கிட்டான். ஆனால் கரடியின் ஒரு கால் அப்போது தரையில் இருந்தது, நிறுத்த வழியில்லை. கரடி இறங்கிப் போயிற்று. அவன் வீட்டுக்கு வந்தான். லெம்பி காபி வைத்திருந்தாள்.

புகைபோக்கி ‘டிங்’ என்றது. லெம்பி மரியாதையாக அதுவரை காத்திருந்தாள்.

“ஆறிடப் போகுது, குடி,” என்று கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். “குடிச்சிட்டு அடுத்தது சொல்லு.”

அப்போது கூரையிலிருந்த ஐந்தடிப் பனியும் ஒரே சரிவாக வழுக்கி வாசல் படியில் விழுந்தது. பெட்டி அதற்கடியில் போயிற்று. மே மாதம் இரண்டாம் வாரம்தான் கிடைத்தது. உள்ளே துணியெல்லாம் நன்றாகவே இருந்தது. சனிக்கிழமை பஸ் ஆர்விட் இல்லாமல் வேறு இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு டுலூத் போயிற்று.

உருளைகளிலிருந்து வெளியேறிய வால்கள் நான்கு நாள் ஊருக்குள் அலைந்து, அவரவர் வீட்டைத் தேடிப் போய்ச் சேர்ந்தன. வைனோ கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு மாதத்துக்கு முன் மைத்துனனிடம் போட்ட சண்டையின் முடிவு அவர் குரலிலேயே வந்து, “சரி, போகட்டும் விடு,” என்றது. அவர் போனை எடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார். கூடுதல் பத்து வினாடியை ஊர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. போதகர் அதை ஆசீர்வாதத்துக்கு வைத்துக்கொண்டார், ஊர்மன்றம் நன்றியுரைக்கு. பிரசங்கம் நீண்டுவிட்டதாக வைனோ மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்.

அஹோலாவில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு ஊர்மன்றத்தில் ஒரு தாள் கொடுக்கிறார்கள். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இரவில் தெருவில் கார் நிறுத்தக் கூடாது. ஒருவர் தொடர்ந்து மூன்று நிமிடம் பத்து வினாடி பேசலாம், அடுத்தவர் டிங்குக்குக் காத்திருக்க வேண்டும். இன்றுவரை யாரும் அதைப் பற்றி விளக்கம் கேட்டதில்லை. குப்பை வண்டி நேரத்துக்கு வருவதில்லை என்று மட்டும்தான் புகார் வருகிறது.