மதகுக்கு வந்த மரியாதை

குமாரசாமி பிரித்த சீட்டில் ‘மதகு’ என்று எழுதியிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவருடைய சம்பந்தி தணிகாசலம் பிரித்த சீட்டில் ‘கூட்ஸ் ஷெட்’ என்று இருந்தது. குமாரசாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முருகன் வரைக்கும் ஆள் பிடித்து வைத்திருக்கிறான் இந்த மனுஷன் என்று தோன்றியது.

விஷயம் இதுதான். காஞ்சிபுரத்து வழியாகப் போகும் ரயில் பாதை வெள்ளைக்காரன் காலத்தில் நெல்லும் பருத்தியும் கல்லும் ஏற்றிப்போகப் போட்டது. அது பழசு என்பது இத்தனை வருஷமாக யாருக்கும் உறைக்கவில்லை. திடீரென்று உறைத்தது. உறைத்ததும், ஊர் வழக்கப்படி ஒரு கமிட்டி போட்டு, கமிட்டிக்கு ஒரு தலைவரைப் போட்டு, தலைவருக்கு ஒரு சால்வையும் போட்டாயிற்று. பாதையோரத்தில் மிச்சமிருக்கும் பழைய சின்னங்களை ஆளுக்கொன்றாக ஊர்ப் பிரமுகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்து, வெள்ளையடித்து, போர்டு வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வேயிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வரும் நாளில் வரவேற்று இரண்டு வார்த்தை பேசவேண்டும். கோயிலில் மண்டகப்படி நடத்துவது போலத்தான். சாமிக்குப் பதில் அதிகாரி.

யாருக்கு எது என்று பேசித் தீர்க்கப் போனால் மண்டை உடையும் என்பதால் செயலாளர் ஆனந்தராஜ் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டார். பழைய கைகாட்டி மரம் அரிசி மண்டிக்காரருக்குப் போயிற்று. நீராவி இன்ஜின் தண்ணீர் குடித்த இரும்புத் தூண் ஜரிகை வியாபாரிக்கு. மதகு குமாரசாமிக்கு.

“மதகுன்னா எதுப்பா?” என்று கேட்டார்.

“அதாங்க, ஸ்டேஷனைத் தாண்டினா தண்டவாளத்துக்குக் கீழ கால்வா போவுதே. வளைவா செங்கல்லு கட்டி. ரொம்பப் பழசு சார்.”

“கால்வாயா, சாக்கடையா?”

“இப்போதைக்கு சாக்கடை,” என்றார் ஆனந்தராஜ் நியாயமாக.

தணிகாசலம் சம்பந்தியின் தோளைத் தட்டினார். “இன்னா சம்பந்தி, மதகு இல்லன்னா ரயிலு எங்க நிக்கும்? நம்ம ஷெட்டு வெறும் ஓட்டுக் கொட்டாய். உங்களுதுதான் அஸ்திவாரம்.”

இதுதான் அந்த மனுஷனிடம் பொறுக்க முடியாதது. திமிராகப் பேசியிருந்தால் திட்டலாம். தணிகாசலம் திமிராகப் பேசவே மாட்டார். குமாரசாமியின் மகள் கீர்த்தியைத் தன் மகனுக்குக் கேட்டு வந்தபோது ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ‘பிடுங்கினான் பாவி’ என்று ஆயுசுக்கும் சொல்லித் திரியலாமே! அந்த வாய்ப்பையும் பறித்துவிட்டார். இரண்டு பேரும் பட்டு நெசவுக் குடும்பம்தான். ஆனாலும் தெருவில் அவர் ‘தணிகாசலம் ஐயா’. இவர் ‘நம்ம குமாரசாமி’. அவருக்கு அறுபது தாண்டியும் தலை நிறைய முடி. இவருக்கு முடி விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கிருஷ்ணம்மாளிடம் கொட்டித் தீர்த்தார். “நான் இன்னா பாவம் பண்ணேன்? அவருக்கு ஷெட்டு, எனக்கு சாக்கடை. நாளைக்கு அதிகாரி வந்தா, இதோ பாருங்க கொசுன்னு காட்டறதா?”

“வெள்ளையடிச்சா நல்லாத்தான் இருக்கும். அவரோட இன்னாத்துக்குப் போட்டி? நம்ம பொண்ணு அங்க வாழ்ந்துக்கினு இருக்குது.”

“போட்டியா? யாரு போட்டி? நான் வரலாற்றுக்கு சேவை பண்றேன்.”

மறுநாளே வரலாற்றுக்கு சேவை ஆரம்பமாயிற்று. கூட்ஸ் ஷெட் பக்கம் நடைப்பயிற்சி என்ற பெயரில் போய் எட்டிப் பார்த்தார். தணிகாசலம் அங்கே ஒன்றுமே செய்யவில்லை. பெருக்கி, ஓடு மாற்றி, பழைய எடைக்கல் ஒன்றைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார். அவ்வளவுதான். அதுவே பார்க்க லட்சணமாக இருந்தது. ஷெட்டைச் சுற்றி வேப்பமரங்கள் வேறு. மரம்கூட அவர் பக்கம்.

குமாரசாமிக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. கை கழுவும்போது யோசனை வந்தது. சின்னம் சிறிசாக இருந்தால் என்ன, மரியாதையைப் பெரிசாக்கலாமே! காஞ்சிபுரத்தில் மரியாதைக்கா பஞ்சம்? மதகருகே பந்தல் போட்டார். நாதஸ்வர செட்டுக்குச் சொன்னார். தம் தறியிலேயே நெய்த சிவப்புப் பட்டில், உற்சவருக்குப் பிடிப்பது போல ஒரு பெரிய குடை தைக்கச் சொன்னார். மாலை, பரிவட்டம், பூர்ணகும்பம். மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லி, மந்தாரை இலையில் சுடச்சுட. அதிகாரி பார்த்துக்கொண்டு வரும் வரிசையில் மதகு முதலில், கூட்ஸ் ஷெட் கடைசியில். இட்லி தின்ற கூட்டம் வெயிலில் ஷெட் வரைக்கும் நடக்குமா? நடக்காது. குடைக்குக் கீழே அதிகாரியும் குமாரசாமியும் மட்டும் நிற்கும் போட்டோ பேப்பரில் வரும். தணிகாசலம் தன் எடைக்கல்லோடு காத்திருக்கட்டும்.

கிருஷ்ணம்மாள் குடையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இன்னாங்க, மதகுக்குக் கல்யாணமா?”

அந்த நாளும் வந்தது. கணக்கு தப்பவில்லை. அதிகாரி பிரவீனா ஜீப்பிலிருந்து இறங்கியதும் நாதஸ்வரம், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுத்தது. கூட்டம் மதகடிக்கே வந்து அப்பிக்கொண்டது. வெள்ளையடித்த செங்கல் வளைவு பளிச்சென்றிருந்தது. கால்வாய் நாற்றத்தைச் சாம்பிராணி பாதி மறைத்தது. மீதியை அதிகாரி நாகரிகமாக மறைத்தார்.

“ரொம்ப அழகான ஆர்ச். இந்தக் கட்டுமானம் இப்ப எங்கயும் கிடையாது,” என்றார்.

குமாரசாமி தாம் கட்டியது போலத் தலையாட்டினார். குடை விரிந்தது. பரிவட்டத் தட்டும் மாலையும் வந்தன. அங்கேதான் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தொழில் பழக்கத்தில் கேட்டார்: “முதல் மரியாத யாருக்குங்க?”

“மேடத்துக்கு,” என்றார் குமாரசாமி.

அதிகாரி இரண்டு கையையும் கூப்பினார். “மன்னிக்கணும் சார், டியூட்டியில மாலை மரியாதை எதுவும் நான் வாங்கறதில்லை. ஊர்ப் பெரியவங்களுக்குப் பண்ணுங்க.”

முருகா, உனக்கும் கண் இருக்கிறது! ஊர்ப் பெரியவர் வேறு யார்? மதகு யாருடையது? குமாரசாமி அடக்கமாகக் கண்ணை மூடி, கழுத்தை முன்னால் நீட்டினார். மாலை விழுவதற்குத் தோதாகக் கொஞ்சம் குனிந்தும் கொடுத்தார்.

மாலை விழவில்லை.

“அடடே, சம்பந்தி! இன்னா ஜோரா பண்ணிக்கீறீங்க!” என்ற குரல்தான் விழுந்தது.

கண்ணைத் திறந்தார். கூட்டம் விலகி வழி விட, தணிகாசலம் வந்துகொண்டிருந்தார். தன் ஷெட்டில் காத்துக் கிடக்காமல், சம்பந்தி வீட்டு விசேஷம் என்று கிளம்பி வந்துவிட்டார். பின்னாலேயே அவர் வீட்டு ஜனமும், நடுவில் கீர்த்தியும்.

மாப்பிள்ளையைப் பெற்றவர் வந்து நிற்கும்போது பெண்ணைப் பெற்றவன் மாலை வாங்கிக்கொள்வதா? வெறும் இட்லி கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வியே கிடையாது. பரிவட்டம் என்று ஒன்று வந்துவிட்டால், யாருக்கு அடுத்து யார் என்பதும் கூடவே வந்துவிடும். இதை யோசிக்காமல் குடை தைத்தாரே, அதுதான் குமாரசாமி.

கிருஷ்ணம்மாள் யோசிக்கக்கூட இல்லை. “மொதல்ல சம்பந்திக்குப் பண்ணுங்க!” என்று கணீரென்று சொன்னாள். மாலைத் தட்டு குமாரசாமியின் மூக்கைத் தாண்டிப் போயிற்று.

குமாரசாமி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கை கொஞ்சம் எழவும் செய்தது. கீர்த்தி அப்பாவையே பார்த்தாள். மாமனார் வீட்டு ஆட்கள் எதிரில் அப்பா என்ன செய்யப்போகிறாரோ என்ற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. எழுந்த கையை என்ன செய்வது? பரிவட்டத்தை எடுத்தார். சம்பந்தியின் அந்த அடர்ந்த தலையைச் சுற்றித் தாமே கட்டினார். முடி இருக்கிற தலையில் அது எவ்வளவு நன்றாக உட்காருகிறது!

“குடை, குடை!” என்று ஆனந்தராஜ் கத்தினார். குடை பிடிக்கக் கூலிக்கு வந்த ஆள், குடையைப் பந்தல் காலில் சாய்த்துவிட்டு இட்லி வரிசையில் நின்றிருந்தான். வேறு யாரும் அருகில் இல்லை. குமாரசாமியே பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து, கார்களை ஏற்றிக்கொண்டு நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று மதகின் மேல் வந்தது. டிரைவர் கீழே பார்த்தார். சிவப்புக் குடை, மாலை, பரிவட்டம், மேளம். யாரோ மகான் என்று முடிவு செய்து, நீளமாக ஹாரன் அடித்து ஒரு கும்பிடும் போட்டார். தணிகாசலம் கையை உயர்த்தினார். பேப்பர்காரர் அதைத்தான் படம் பிடித்தார்.

“வாழ்த்துகள் சார்,” என்று அதிகாரி தணிகாசலத்திடம் கை கூப்பினார். “இந்த லைன்லயே உங்க மதகுதான் பெஸ்ட்.”

“ஐயோ, எனுது இல்லம்மா. எல்லாம் எங்க சம்பந்தி பண்ணது. இதோ, குடை பிடிச்சினு நிக்கறாரே, இவருதான்.”

அதிகாரி குமாரசாமியைப் பார்த்துப் புன்னகைத்தார். நல்ல வேலைக்காரர்களைப் பார்த்துப் பெரியவர்கள் புன்னகைப்பது போல.

குமாரசாமி கணித்தபடியே, வயிறு நிறைந்த கூட்டம் அங்கேயே கலைந்தது. கூட்ஸ் ஷெட்டை ஒருவரும் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். சாயங்காலம் ஆறிப்போன இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது கீர்த்தி போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அப்பா, இங்க எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசிக்கினு இருக்காங்க. மாமாவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சுப்பா. எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?”

“சரிம்மா, சரிம்மா.”

“அப்பறம், மாமா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அடுத்த வருஷம் ஷெட்டை உனக்கே வுட்டுத் தராராம். உனக்கு அதும்மேல ஆசைன்னு அம்மா சொல்லிச்சாம். மதகை அவரு எடுத்துக்கிறாராம். அது ரொம்பப் புடிச்சிப்போச்சாம்.”

குமாரசாமி பிட்ட இட்லியை இலையிலேயே போட்டார். மதகு. அந்தச் செங்கல் வளைவு. இந்தப் பாதையிலேயே பெஸ்ட் என்று அதிகாரி வாயால் சொன்ன மதகு. அதையும் கேட்கிறானா?

“அப்பா? லைன்ல இருக்கியா? மாமா பக்கத்துலதான் கீறாரு. இன்னா சொல்றது?”

“சந்தோஷம்னு சொல்லும்மா,” என்றார் குமாரசாமி.

போனை வைத்ததும் கிருஷ்ணம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாவாம்?”

“அடுத்த வருஷம் கூட்ஸ் ஷெட்டு நமக்காம்.”

“நல்லதாப் போச்சு. நீங்க ஆசைப்பட்டதுதானே?”

குமாரசாமி மந்தாரை இலையைக் கசக்கி உருட்டி மூலையில் எறிந்தார்.

“அந்த ஓட்டுக் கொட்டாய் யாருக்குடி வேணும்?”