செவுளில் வெள்ளைப் புள்ளிகள்

…நேற்று பதினொன்று, இன்று பதினான்கு, இல்லை, கண்ணாடியில் ஒட்டிய குமிழியையும் சேர்த்து எண்ணிவிட்டாளோ, தஹ்மீனா மூக்கு நசுங்கத் தொட்டியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள், தங்கமீனின் செவுள் மூடியில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள், ஒட்டுண்ணிதான், இரண்டே நாளில் உடம்பெல்லாம் பரவும் என்று வீடியோவில் சொன்னானே, ஆறு நாளாகியும் செவுளையும் பக்கத் துடுப்பின் ஓரத்தையும் தாண்டவில்லையே, ஏன்? கல்லுப்புப் போட்டாயிற்று, ஹீட்டர் வைத்தாயிற்று, நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டதில் தொட்டி முழுக்க விடியாத வானம் மாதிரி கிடக்கிறது, அதற்குள் அது மட்டும் ஆரஞ்சாக, கனவில் வருகிற ஆள்போல, பக்கத்தில் வந்து ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறது… எல்லாம் அவளால்தான். மேட்டூர் அணை திறந்து பாபநாசம் வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்து வந்த அன்று, போர்வெல் தண்ணீரிலேயே கிடக்கிற ஜீவன்கள் ஒருநாளாவது ஆற்றுத்தண்ணீரில் நீந்தட்டுமே என்று இரண்டு குடம் மொண்டுவந்து ஊற்றினாளே, பூச்சியையும் சேர்த்தல்லவா ஊற்றியிருக்கிறாள், இதை அப்சரிடம் எப்படிச் சொல்வது? மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று ஜோடியாக வாங்கி வைத்துவிட்டு, “நான் வர்ற வரைக்கும் இதுங்க உன் பொறுப்பு, ஒண்ணு குறைஞ்சாலும் உன்னத்தான் கேப்பேன்” என்று சிரித்தான், பதினாறு மாதமாயிற்று, புருஷன் சிரிப்பு எந்தப் பக்கம் கோணும் என்பதுகூட மறந்துவருகிறது… மற்ற மீனாவது பிழைக்கட்டும் என்று வாளியில் பிரித்துப் போட்டிருந்தாள்.

போன் அடித்தது, கும்பகோணத்து மீன்கடை இப்ராஹிம் அண்ணன், காலையில் அனுப்பிய போட்டோவை இப்போதுதான் பார்த்தாராம். இரை எடுக்குதா? எடுக்கிறது. கண்ணாடியில உடம்பத் தேய்க்குதா? இல்லை. மத்தத விரட்டுச்சா? ஆமாம், ஓயாமல், அதனாலும்தானே பிரித்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “என்னம்மா நீங்க, மாப்பிள்ளைக்குப் போயி மருந்து ஊத்திக்கிட்டிருக்கீங்க! பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. புதுத்தண்ணி பட்டதும் ஆணுக்குப் பருவம் வந்திருக்கு, அப்ப இப்படித்தான் பொரிப்பொரியா நிக்கும். மருந்து ஊத்தியே கொன்னுடாதீங்க, பாதித் தண்ணிய மாத்திட்டு ஜோடியச் சேத்து விடுங்க.” ஆளில்லாத வீட்டில் அவளுக்கு முகம் சூடேறியது. ஹீட்டரை அணைத்தாள், பாதித் தண்ணீரை இறைத்துப் புதிது ஊற்ற ஊற்ற நீலம் வெளுத்தது, வாளியிலிருந்ததை மக்கில் மொண்டு தொட்டியருகே கொண்டுபோனாள், ஆண்மீன் அதற்குள் மேலே வந்து வாய் திறந்து மூடுகிறது, தெரிந்துவிட்டதா அதற்கு, எப்படித் தெரியும்… சாய்க்க வேண்டியதுதான், கொஞ்சம் சாய்த்தால் போதும். கை சாயவில்லை. நோய் என்று நினைத்த ஆறு நாளும் எவ்வளவு பிரியமாக இருந்தாள், அல்லாவிடம் எத்தனை துஆ கேட்டாள், நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தபின் அந்தப் பிரியம் எங்கே போயிற்று, இருக்கட்டுமே, இன்னும் ஒரு நாள் தனித்தனியாக இருந்தால் என்ன… என்று நினைத்தவள் திடுக்கிட்டாள். போயும் போயும் ஒரு மீனைப் பார்த்தா பொறாமை? மக்குக்குள் அது புரண்டது, தண்ணீர் முழங்கைவரை வழிந்தது, அவள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.