அடுப்பை அணைத்துவிட்டு ஓடியவள்

பேய்ப் படம் பார்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள நகாதா வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதனால் ‘ஈரக் காலடி’ படத்தைப் பற்றி நான் சொல்வதைக் கேளுங்கள், இணையத்தில் உளறுகிற பையன்களை விடுங்கள். தூக்கில் போடப்பட்ட ஒரு கொலைகாரன் செத்தும் கொலையை விடவில்லை, அதுதான் கதை. உயிரோடு இருந்தபோது அவனுக்கு ஒரு பழக்கம். கொல்லப் போகிற வீட்டிலும் காலணியைக் கழற்றி, முனை தெருவைப் பார்க்கத் திருப்பி, ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். செத்த பிறகும் அப்படியே. பூட்டிய வீட்டு வாசலில் திடீரென்று நனைந்த காலணி ஒரு ஜோடி இருக்கும். ஆள் தெரியாது. அவ்வளவுதான், எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அப்புறம் ஒரு வாரம் என் வீட்டு வாசலையே நான் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன்.

குறை இல்லையா? ஏராளம். பாதிக்கு மேல் ஒரு தாடிக்காரப் பூசாரி வந்து, கொலைகாரனைச் சின்ன வயதில் அவன் அம்மா என்ன பாடு படுத்தினாள் என்று உட்கார்ந்து விளக்குகிறார். பேய்க்குப் பரிதாபப்படவா நான் தியேட்டருக்குப் போனேன்? கம்ப்யூட்டரில் போட்ட ரத்தம் ஸ்ட்ராபெரி ஜாம் மாதிரி வழிகிறது. கடைசியில் முகத்தைக் காட்டித் தொலைத்துவிட்டார்கள். பார்த்தால் வங்கி மேனேஜர் மாதிரி இருக்கிறான்.

ஆனால் ஊர் சிரித்தது இதற்கெல்லாம் இல்லை. மூன்றாவதாகச் சாகிற பெண்ணைப் பார்த்துத்தான். அந்த வேஷத்தில் நடித்தவள் என் அண்ணன் மகள் நொடோகா.

அவள் அடுப்பில் சூப் வைத்திருப்பாள். திரும்பினால் வாசலில் அந்தக் காலணி. நடையில் சளக், சளக் என்று ஈரக் கால் வைக்கிற சத்தம். பால்கனிக் கதவு பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. ஓடப் போனவள் நின்று, திரும்பி வந்து, காஸ் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி ஓடுகிறாள். அந்த இடைவெளியில் பேய் அவளை எட்டிப் பிடித்துவிடுகிறது. இந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டி இணையத்தில் போட, நாடே விழுந்து விழுந்து சிரித்தது. ‘சிக்கன ராணி’ என்று பட்டப்பெயர் வேறு.

என் கடை சின்னது. பெரிய இரும்புக் கல், அதைச் சுற்றி நாற்காலிகள். முட்டைக்கோஸும் மாவும் கலந்து ஒகோனோமியாகி வார்த்துப் போடுவேன். ஜனவரியில் ஒரு மதியம், அண்ணனோடு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓனிஷி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

“மசுமி அக்கா, உங்க அண்ணன் பொண்ணுகிட்ட சொல்லிவைங்க. அடுத்த தடவை பேய் வந்தா, சூப்புல உப்பு சரியா இருக்கான்னும் பார்த்துட்டு ஓடச் சொல்லுங்க!”

பின்கட்டுத் திரை விலகியது. நறுக்கிய முட்டைக்கோஸ் பாத்திரத்தோடு நொடோகா நின்றாள். ஓனிஷிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“உப்பு சரியா இருக்கு, ஓனிஷி அண்ணா. இன்னும் கொஞ்சம் இஞ்சி போடட்டுமா?” என்றாள் சிரித்தபடி. கண் சிரிக்கவில்லை.

நான் கரண்டியால் ஓனிஷியின் கையில் ஒரு தட்டு தட்டினேன். “வாயை மூடிட்டுத் தின்னுடா.”

அவன் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். லீவில் ஊருக்கு வந்தவள் இத்தனை பெரிய பெட்டியோடு வருவாளா? வந்த அன்றே எனக்குச் சந்தேகம்.

“நடிப்பை விட்டுடறேன் அத்தை. இங்கயே உன்கூடக் கடையில நிக்கறேன்.”

“கடையில நிக்க மூஞ்சியைப் பாரு! அந்த டைரக்டர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டாருன்னு சொன்னியே?”

“பெரிய வேஷம்தான். நாளைக்குப் பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லப் போறேன்.”

“நாலு பேர் சிரிச்சதுக்கா?”

“சிரிச்சதுக்கு இல்ல.” பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “அடுப்பை அணைக்கறது கதையில எழுதினதே இல்ல. கை தானாப் போச்சு. டைரக்டர் பிடிச்சுப்போய் வச்சுட்டாரு. யாரு பழக்கின கை அது? அந்த மனுஷன் இதுவரைக்கும் என் படம் ஒண்ணுகூடப் பார்க்க வரல. அப்பா ஒரு தடவை வந்து பார்த்திருந்தா, எவன் வேணா சிரிக்கட்டும்னு இருந்திருப்பேன் அத்தை.”

எனக்கு அண்ணன் மேல் அப்படி ஒரு கோபம். ஆனால் அவனை எப்படித் திட்டுவது? அவன் பட்டதை நான் பார்த்தவள்.

நொடோகாவுக்கு மூன்று வயதில், எங்கள் ஊரையே புரட்டிப்போட்ட அந்த நிலநடுக்கம் வந்தது. அன்று குழந்தை அடம்பிடித்து என் வீட்டில் என்னோடு படுத்திருந்தாள். அண்ணன் இசாமு இரவு வேலையில் இருந்தான். அவன் வந்ததும் சூடாகக் குடிக்கட்டும் என்று அண்ணி கஸுயோ விடியும் முன்பே எழுந்து சூப் வைப்பது வழக்கம். அவர்கள் வீடு இடிந்தது, பின்னாலேயே தீ வந்தது. அண்ணி வெளியே வரவே இல்லை. தெருவே எரிந்த நாளில் எந்தத் தீ எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் மட்டும் அது தனக்காகச் சூப் வைத்த அடுப்புதான் என்று முடிவு கட்டிவிட்டான். எத்தனையோ சொல்லிப் பார்த்தோம், மனுஷன் அசையவில்லை.

அதிலிருந்து குழந்தைக்குப் பயிற்சி. சாப்பிடும்போது, பாடம் படிக்கும்போது, திடீரென்று “ஆடுது!” என்று கத்துவான். அவள் ஓடிப்போய் முக்காலியில் ஏறி அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மேசைக்கு அடியில் போக வேண்டும். “பிள்ளை முதல்ல தப்பிக்கட்டும் அண்ணா, இப்பல்லாம் ஆட்டம் வந்தா காஸ் தானே நின்னுடுது. நகராட்சிக்காரனே அதைத்தான் சொல்றான்” என்று எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்! காதில் வாங்கவே மாட்டான்.

சினிமா என்றால், “சாவை நான் பார்த்தாச்சு. மறுபடி எதுக்கு உட்கார்ந்து பார்க்கணும்?” என்பான். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

ஆனால் நாளைக்கு அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. மறுநாள் காலையிலேயே அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“அண்ணா, ஷின்காய்ச்சி தியேட்டர்ல ஒரு படம் ஓடுது. அதுல வர்ற காலணி உங்க தொழிற்சாலையில நீ ஒட்டினதுன்னு ஓனிஷி சொல்றான்.”

“எந்தக் காலணி?”

“கறுப்பு. முனை கூரா இருக்கு. எனக்கென்ன தெரியும், நீயே வந்து பாரு.”

பொய்தான். பச்சைப் பொய். மனுஷன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்ததும் நின்றான். ஓரத்தில் சின்னதாக நொடோகாவின் முகம். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் திட்டவில்லை. உள்ளே நடந்தான்.

காலைக் காட்சி, கூட்டம் இல்லை. முன்வரிசையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் மட்டும். திரையில் முதன்முதலாக அந்த ஈரக் காலணி வந்ததும் அண்ணன் என் பக்கம் சாய்ந்தான்.

“இது நம்ம ஊரு ஒட்டுவேலையே இல்ல.”

“சரி, பேசாம பாரு.”

நொடோகா வந்தாள். சூப்பைக் கிளறினாள். அண்ணன் மடியில் இருந்த பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். காலணி. சளக், சளக். அவள் பால்கனிக்கு ஓடினாள், நின்றாள், திரும்பினாள். கை அடுப்புக்குப் போனது. முன்வரிசைப் பையன்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். இருட்டில் “அணைச்சுட்டா!” என்றான். குரல் உடைந்து வந்தது. “மசுமி, பார்த்தியா, அணைச்சுட்டாடி!”

பையன்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் பேய் அவளைப் பிடித்தது. அவள் விரல்கள் பால்கனிக் கதவின் விளிம்பைத் தொட்டுவிட்டு நழுவின. இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் தப்பித்திருப்பாள். அண்ணன் நின்றுகொண்டேதான் அதைப் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்து, கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். தாடிக்காரப் பூசாரி பேசி முடிக்கும் வரைக்கும் அழ எங்களுக்கு நேரம் இருந்தது, அதற்காவது அந்த ஆள் உபயோகப்பட்டார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. நொடோகாவின் பெயர் மேலே போனபோது அண்ணன் திரையைப் பார்த்துத் தலை தாழ்த்தினான்.

நாங்கள் கடைக்கு வந்தபோது நொடோகா கல்லில் ஓனிஷிக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“எங்க போயிருந்தீங்க?”

“உன் படத்துக்கு” என்றான் அண்ணன். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான். “அடுத்த படத்துல அடுப்பை விட்டுட்டு ஓடும்மா.”

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை.

“எரிஞ்சா எரியட்டும். வீடே எரியட்டும். நீ ஓடிடு” என்றான். “அப்பா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

“அடுத்த படமாப்பா?”

“ஆமா. அதுலயாவது கடைசி வரைக்கும் உயிரோட இரு.”

நொடோகா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி விம்மினாள். “கை கேக்காதுப்பா, எனக்கு வராதுப்பா” என்று என்னென்னவோ சொன்னாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே, “வரும், பழகிக்கலாம்” என்றான்.

“அக்கா, கருகுது! யாராவது அடுப்பைப் பாருங்கக்கா!” என்று ஓனிஷி அலறினான்.

கடை முழுக்கப் புகை. அவனுடைய ஒகோனோமியாகி கல்லில் கரியாகிக்கொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் அடுப்பு இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“எரியட்டும்டா” என்றேன் ஓனிஷியிடம். “உனக்கு வேற வார்த்துத் தர்றேன்.”