பதிமூன்று வினாடி

மைனஸ் ஒன்றரை டிகிரி தண்ணீரைச் சூடு என்று சொல்கிற ஒரே கூட்டம் என் தம்பியின் கூட்டம்தான். கேட்டால் விளக்கம் சொல்வான். துருவத்துப் பனிப்பரப்பிலிருந்து வரும் காற்று மைனஸ் இருபத்தெட்டாம். அதற்குப் பக்கத்தில் இந்தக் கடல் அடுப்பில் வைத்த பானையாம். காற்று மேலே பட்டதுமே கடல் தன் சூட்டைக் கொட்ட ஆரம்பித்துவிடும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆவி பறக்கும். அந்தச் சூடு எவ்வளவு என்று எழுபத்திரண்டு மணி நேரம் விடாமல் அளந்துவிட்டால் அவன் பிறந்த காரியம் முடிந்தது. இதற்கு முன் மூன்று முறை வந்து, மூன்று முறையும் பாதியில் ஏதாவது உடைந்து வெறுங்கையோடு திரும்பியவன். கப்பலில் அவனுக்கு வைத்திருந்த பெயர் தெர்மாமீட்டர்.

நான் அந்தக் கப்பலின் மேல்தள மேஸ்திரி. கயிறு, சங்கிலி, பெயிண்ட், பதினோரு ஆட்கள், அவர்களுடைய சண்டைகள் எல்லாம் என் தலையில். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என்னை எதிர்த்துப் பேசுகிற தைரியம் கப்பலில் ஒருவனுக்குத்தான் உண்டு, அவனும் என் கூடப் பிறந்தவன்.

அவனுக்கு நல்ல காற்று எனக்குக் கெட்ட காற்று. கடல் எவ்வளவு வேகமாகச் சூட்டை விடுகிறதோ அவ்வளவு வேகமாக, முன்பக்கம் மோதித் தெறிக்கிற அலை கப்பல்மேல் உறைந்துகொண்டே போகும். கம்பி, கைப்பிடி, கதவு என்று பட்ட இடமெல்லாம் பனிக்கட்டி. அதை மரச்சுத்தியலால் அடித்து உடைத்துத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேல்பாரம் ஏறிக் கப்பல் கவிழும். மூன்று நாளாக ஆறாறு பேராக மாறி மாறி அடித்தோம். ஒருவனுக்கு விரல் நசுங்கியது, ஒருவனுக்குச் சில்லு தெறித்துப் புருவம் கிழிந்தது. எனக்கு இடது கடைவாய்ப்பல் போனது. துப்பிவிட்டு அடித்தேன்.

வழக்கமாக இந்த மாதிரிக் காற்றில் கப்பலைத் திருப்பி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவோம். அளக்கும்போது அது முடியாது. கப்பலின் புகைபோக்கிச் சூடு கருவியில் படக் கூடாது என்பதால் முகத்தைக் காற்றுக்குக் காட்டியபடியே நிற்க வேண்டும். கருவி இருந்தது முன்பக்க நுனியில், ஓர் ஒல்லியான அலுமினியக் கம்பத்தின் உச்சியில். அதைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் சுத்தியல் படக் கூடாது, கம்பம் அதிரும். வெந்நீர் ஊற்றக் கூடாது, கணக்கு கெடும். ஆக, கப்பல் முழுக்க நாங்கள் உடைத்தோம், கம்பத்தில் மட்டும் பனி பீப்பாய் கனத்துக்கு வளர்ந்தது.

கேப்டன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், திரும்பிவர ஒன்பது வினாடி ஆகும். மேலே பாரம் ஏற ஏற இந்த ஆட்டம் மந்தமாகும். சாய்ந்த பக்கமே நின்று யோசிக்கும். பதினைந்து வினாடியானால் அளவாவது ஒன்றாவது, கம்பத்தை வெட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "மேஸ்திரி எண்ணிச் சொல்லட்டும். அவங்க சொல்றதுதான் கணக்கு" என்றார்.

எழுபத்தொரு மணி இருபது நிமிடம் ஆனபோது நான் எண்ணியது பன்னிரண்டு. ஆய்வு அறைக்குப் போனேன். தம்பி சூடான அறைக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான்.

"போதும்டா. கட்டிட்டுக் கெளம்பு."

"இன்னும் நாப்பது நிமிஷம்தான்க்கா."

"பன்னெண்டு ஆயிடுச்சு. பசங்களால கையத் தூக்க முடியல."

"பதினஞ்சுதானே பேச்சு? நாலு வருஷம்க்கா. நாப்பது நிமிஷம் எனக்காகப் பொறுத்துக்க மாட்டியா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவன் சின்ன வயதிலிருந்தே ஒற்றைக் காலில் நின்று காரியம் சாதிக்கிறவன், நான் இளகிப்போகிறவள். "பதினஞ்சு வந்தா ஒரு நிமிஷம் தாமசிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வந்து பத்து நிமிடம் இருக்காது. கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு பனிக்கட்டி கழன்று, என் ஆட்களில் ஒருவனான ஒல்லியின் மேல் விழுந்தது. பெயர்தான் ஒல்லி, ஆள் பீரோ மாதிரி இருப்பான். அந்த பீரோ சத்தமில்லாமல் மடிந்து விழுந்தது. தோள் எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ரத்தம் தளத்தில் ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே உறைந்தது. "அக்கா, ஒண்ணும் ஆகலல்ல? ஒண்ணும் ஆகலல்ல?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கப்பல் சாய்ந்தது, நான் எண்ணினேன். பதிமூன்று.

வாக்கி-டாக்கியை எடுத்து, "கேப்டன், பதினஞ்சு" என்றேன்.

"நிச்சயமா, மேஸ்திரி?"

"பதினஞ்சு! கம்பத்தை வெட்டறேன், கப்பலைத் திருப்புங்க!"

கோடாரியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். முதல் கம்பியை மூன்று வெட்டில் அறுத்தேன். அது சாட்டையாகத் துள்ளி என் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது கம்பியில் கோடாரியை ஓங்கும்போது தம்பி வந்து குறுக்கே விழுந்தான். கோட்டு இல்லை, கையுறை இல்லை, வாக்கி-டாக்கியில் என் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்த கோலத்திலேயே ஓடி வந்திருந்தான். கம்பத்தின் அடியில் பனி படியாத ஒரு சாண் உலோகம் தெரிந்தது. அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பதிமூணுதான்! பொய் சொல்ற! பதிமூணுதான்!"

"விடுடா!"

"மாட்டேன்!"

முதுகில் ஓங்கி ஓர் உதை விட்டேன். அவன் முகம் கம்பத்தில் மோதியது, உதடு பிளந்தது, கை மட்டும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேர்த்த கை, மைனஸ் இருபத்தெட்டு டிகிரி உலோகத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அவனே விட நினைத்தாலும் வராது.

"அக்கா, கை வரல" என்றான். அந்தக் குரலில் சண்டை இல்லை.

சமையலறையிலிருந்து ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் வர மூன்று நிமிடம் ஆகும். ஊற்றினால் கை பூப்போல வந்துவிடும். எனக்கு அது தெரியும். ஒல்லியின் எலும்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் அவன் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டி, காலைக் கம்பத்தில் உதைத்து, ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அவன் போட்ட கூச்சல் காற்றைத் தாண்டி மேலே கேப்டன் வரை கேட்டதாம். உள்ளங்கை இரண்டின் தோலும், விரல்களின் தோலும் கம்பத்திலேயே தங்கிவிட்டன. அவனை ஆட்களிடம் தள்ளிவிட்டு மீதிக் கம்பிகளை வெட்டினேன். கம்பம் பனியோடு சரிந்து கடலுக்குள் போனது. கப்பல் திரும்பியது. அன்று மாலைக்குள் ஆட்டம் பத்து வினாடிக்கு வந்துவிட்டது.

கப்பலே என்னைக் கொண்டாடியது. "அக்கா இல்லன்னா இந்நேரம் மீனுக்குச் சாப்பாடு" என்றார்கள். ஒல்லி கட்டுப் போட்ட தோளோடு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தம்பி இரண்டு நாள் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. நான் கிண்ணத்தோடு போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். சமையல்காரர் வந்து ஊட்டினால் சாப்பிடுவான். சுட்டு விரலும் நடுவிரலும் இனி மடங்குவது சந்தேகம் என்று கப்பல் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் கேப்டன், கம்பெனிக்கு நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும் என்றார். "பதினஞ்சுன்னு சொன்னீங்க, அப்படியே எழுதிக் குடுங்க. கப்பல் பொழைச்சுது, அவ்வளவுதான்" என்றார்.

தம்பி என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். கட்டுப்போட்ட இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். பக்கத்தில் அவனுடைய கம்ப்யூட்டர்.

"என்னால தட்ட முடியாது. நீ தட்டு. கப்பலோட ஆட்டம்னு ஒரு ஃபைல் இருக்கும், தொற."

திறந்தேன். காற்றின் அளவிலிருந்து கப்பலின் ஆட்டத்தைக் கழிப்பதற்காக, அந்த ஆட்டத்தையும் ஒரு பெட்டி நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. என் கோபத்தில் அது எனக்கு நினைவே வரவில்லை.

"நீ பதினஞ்சுன்னு சொன்ன நேரத்துக்கு என்ன இருக்கு? வாசி."

"பதிமூணு புள்ளி ரெண்டு."

"அதைப் போடு அறிக்கைல."

"என் வேலை போயிடும்டா."

"தெரியும்."

"பழி வாங்கறியா?"

"அது பதிமூணுதானேக்கா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். இந்தப் பயணத்தில் நான் அடித்து உடைத்தது போதும் என்று தோன்றியது. பதிமூன்று என்று போட்டேன். பதினைந்து என்று கேப்டனிடம் சொன்னது நான், அது பொய் என்றும் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து நடந்ததை எந்தப் பெட்டியும் எழுதி வைக்கவில்லை, யாரும் கேட்கவும் போவதில்லை. ஆனாலும் தட்டினேன். 'வெந்நீர் வர மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கப்பல் அந்த மூன்று நிமிடம் தாங்கியிருக்கும். எனக்குத் தெரியும். கோபத்தில் இழுத்தேன்.'

திரையை அவன் பக்கம் திருப்பினேன். அவன் படித்தான். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தான்.

"தாகமா இருக்குக்கா" என்றான்.

டம்ளரை எடுத்தேன். படுத்திருந்தவன் வாயில் சாய்த்ததில் பாதித் தண்ணீர் அவன் கழுத்தில் சிந்தியது. மீதியைக் குடித்தான்.