முனிக்கு நேர்ந்த சேவல்

எங்கள் முனிக்கு அரிவாள் உண்டு, சுருட்டு உண்டு, வருஷத்துக்கு ஒரு கிடாவும் உண்டு. செவிலிமேட்டிலிருந்து பாலாற்றுக்குப் போகும் வழியில், வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் கற்சிலை. துடியான சாமி. நேர்ந்துகொண்டதைச் செய்யாவிட்டால் வீடு தேடி வந்து கேட்பார் என்பார்கள்.

போன வருஷம் என் மனைவி ஜீவிதாவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. இந்த முறை ஏழு மாதம் நல்லபடியாகத் தாண்டினால் ஒரு சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டோம். தாண்டிவிட்டது. வீட்டில் வளர்த்த சேவலும் கொழுகொழுவென்று நின்றது. வெள்ளிக்கிழமை அறுப்பதாக முடிவாயிற்று.

அந்த வாரம்தான் என் ஆட்டோவில் ஒரு இலங்கை பிக்கு ஏறினார். காவி உடை, மொட்டைத்தலை, வயது என்னைவிடக் குறைச்சல்தான். மரத்தடியைக் கடக்கும்போது நிறுத்தச் சொன்னார். இறங்கினவர், கோழி இறகும் காய்ந்த ரத்தமும் கிடந்த மண்ணில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார்.

"இவர் புத்தர்," என்றார் எழுந்து, தட்டுத்தடுமாறிய தமிழில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊர் பேர் தெரியாத ஆள் வந்து எங்கள் சாமிக்குப் பெயர் வைப்பதா? "இது முனிங்க. ரத்தம் காட்டலன்னா சும்மா வுடாது," என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சரி, நீங்க இவருகிட்ட இன்னா கேப்பீங்க?"

"கேக்கிறதில்லை. முன்னால உட்கார்ந்து பார்க்கிறது."

"எதை?"

"மூச்சு வருது, போகுது. கோபம் வருது, போகுது. அதை."

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். ஆனாலும் மனசு குறுகுறுத்தது. மறுநாள் மத்தியானம் சவாரி இல்லாத நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமியை ஒருநாளும் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கும்பிடும்போதுதான் கண்ணை மூடிக்கொள்கிறோமே! எண்ணெய்ப் பிசுக்கைத் துண்டால் துடைத்தேன். முறுக்கு மீசை நாங்கள் மையால் வரைந்தது. அதற்குக் கீழே உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. காது தோள்வரை தொங்கியது. அரிவாளும் நாங்கள் பக்கத்தில் நட்டதுதான். அவருடைய கைகள் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா கிடந்தன.

வீட்டுக்கு வந்தால் சேவல் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. இன்னொரு பிடி அரிசி அள்ளி அதன் முன்னால் போட்டேன்.

"அறுக்க வேணாம் ஜீவி. நம்ம முனி புத்தராம். உசுரைக் கொல்லக்கூடாதுன்னு சொன்னவரு."

அவள் முகம் வெளுத்தது. "இன்னாயா பேசுற? வவுத்துல புள்ளைய வச்சிக்கினு இருக்கேன். உனக்கு அவரு யாரா வேணா இருக்கட்டும். எனக்கு எம்புள்ள வேணும்."

வியாழக்கிழமை வரை இதே சண்டை. நான் நியாயம் பேசப் பேச அவள் அழுதாள். சேவலுக்காக உருகிய எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. ஒருமுறை கத்த வாயெடுத்தவன், அந்தப் பிக்கு சொன்னது சரிதானா பார்ப்போமே என்று நிறுத்தினேன். கோபம் கொஞ்சம் போகத்தான் செய்தது. அப்போதுதான் அவள் கை வயிற்றைவிட்டு எடுபடாமல் இருப்பது கண்ணில் பட்டது. பாவமாக இருந்தது.

"சரிம்மா, நீ சொல்றபடியே செய்யலாம். வெட்டறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அவரைப் பாரு. அப்பவும் வெட்டுன்னா வெட்டறேன்."

வெள்ளிக்கிழமை காலை, சேவலின் காலைக் கட்டி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனோம். ஜீவிதா மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணையே தொறக்கலியே இவரு. நாம வெட்டுனது எதையுமே பாக்கலியா?"

"தெரியலம்மா."

"போன வருஷம் இவருக்குக் கூழு ஊத்தறேன்னு வேண்டிக்கினு, ஊத்தாம வுட்டுட்டேன். உங்கிட்ட கூட சொல்லல. அதுக்குத்தான் புள்ளைய எடுத்துக்கினாருன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்."

இந்த ஒரு வருஷமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம், எனக்குத் தெரியவே இல்லை.

"இந்த மூஞ்சி அப்படி செய்யாதுயா," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவுத்து வுடு."

அவள் வெட்டு வெட்டு என்றபோது எனக்கு இருந்த தைரியமெல்லாம் அந்த நிமிஷம் எங்கோ ஓடிப்போனது. எட்டாம் மாதம். ஏதாவது ஆகிவிட்டால்? முடிச்சைப் பிடித்தவன் அவிழ்க்காமல் அப்படியே குனிந்திருந்தேன்.

"பயமா இருக்குதா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எனக்குந்தான். நவுரு," என்று என்னைத் தள்ளிவிட்டு, வயிறு இடிக்கக் குனிந்து, அவளே அவிழ்த்தாள்.