குதிரைக்குக் கண் திறந்தவர்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஆசாரியின் மனைவி. தச்சர் சங்கத்தார் கேட்டதற்காக அவர்கள் குல வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். விஸ்வகர்மாவின் ஐந்து முகங்கள், ஐந்து தொழில்கள், தோளில் பூணூல், மரம் வெட்டும் முன் அதில் குடியிருக்கும் உயிர்களிடம் மன்னிப்புக் கேட்பது எல்லாம் மளமளவென்று வந்தது. அந்த அம்மாள் படித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிதான். தண்ணி தெளிச்சதை எங்க எழுதியிருக்கீங்க?"

வரலாற்றை மூடிவைத்தேன்.

2

ஆசாரி பெரிய கோபக்கார...

(இல்லை. அதிர்ந்து பேசாதவராம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

கோயிலுக்கு மரக்குதிரை செய்ய ஆசாரி எட்டு மாதம் விரதமிருந்தார். கண் திறக்கும் நாளில் திரைக்குள் அவர் மட்டும். உளி கருவிழியைத் தொட்டதும் மரம் சாமியின் வாகனமாகிவிடும். அதற்குப்பின் செய்தவன் கைக்கு அங்கே வேலையில்லை. அதுதான் மரபு, அதில் அவருக்கு மனக்குறையும் இல்லை. ஆனால் வெளியே வந்தவர், மறந்துவிட்ட துண்டை எடுக்கத் திரும்பினார். அவர் நின்ற இடத்தில் அர்ச்சகர் தீட்டுக் கழியச் செம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஆசாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்தக் கண்ணைத் திறந்ததே நான்தானே," என்றார். அதன்பின் கோயில் பக்கம் போகவில்லை.

3

மறு வருஷம், ஊர்வலத்துக்கு முதல் நாள் குதிரையின் முன்கால் ஆடியது. அர்ச்சகரே பட்டறைக்கு வந்தார்.

"ஆசாரி, வந்து பாருங்க. தூக்கறவங்க மேல சாஞ்சிடப் போகுது."

"போன தடவை நான் நின்ன இடத்துல தண்ணி தெளிச்சீங்களே, சாமி."

அர்ச்சகர் தரையைப் பார்த்தார். "எனக்கு முன்னாடி இருந்தவங்க செஞ்சது. நானும் செஞ்சேன்."

"இந்தத் தடவை?"



(இங்கே அர்ச்சகரை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஆசாரியின் மனைவி சிரித்துவிட்டார். கிழித்துப்போட்டேன்.)

ஆசாரி எழுந்தார். "குதிரைக்காக வரல. கீழ தோள் குடுக்கறவன் எல்லாம் பிள்ளகுட்டிக்காரன்."

போனார். காலைக் கழற்றிப் புது ஆப்பு இறக்கினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அர்ச்சகர் செம்போடு ஓரமாக நின்றிருந்தார். ஆசாரி உளிகளைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

4

"அப்புறம் தெளிச்சாரா?" என்று கேட்டேன்.

"அவரு திரும்பிப் பாக்கலியே," என்றார் அந்த அம்மாள்.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அர்ச்சகர் தெளிக்கிறார். இன்னொன்றில் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிடுகிறார். இரண்டும் என் கைச்சரக்கு.

ஆசாரி இன்று இல்லை. அர்ச்சகர் இருக்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார். அவர் வீட்டு வாசல்வரை போய், கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன். ஆசாரி பார்க்க வேண்டாமென்று விட்டதை நான் எப்படி எழுத? மனம் கேட்கவில்லையென்றால், நீங்கள் திரும்பிப் பாருங்கள்.