ஜுசாராவின் கால்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு கால்விரல் இடுக்கிலிருந்து.

நான் எழுதிப் பார்த்த முதல் வரி: "டுமீல்! துப்பாக்கி வெடித்தது. நான்கு கறுப்புப் பெண்கள் தண்ணீருக்குள்..."

அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகைப் பழக்கம். முதல் வரியிலேயே ஏதாவது வெடிக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஆனால் எங்களுக்காக, போட்டியைத் தொடங்கிவைக்கும் அந்தத் துப்பாக்கி வெடிக்குமா என்பதே அன்று சந்தேகமாக இருந்தது.

இரண்டாவது முயற்சி: "1976. சல்வடோர் நகரம். குன்றின்மேல் ஒரு பணக்கார கிளப். பனைமரங்கள் தலையசைக்க..." சேச்சே. காலண்டர் படம்.

வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.

2

எங்கள் பக்கம் எந்த கிளப் குளத்தில் இறங்கவும் முதலில் டாக்டரிடம் காலை நீட்ட வேண்டும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் இல்லையென்றால் அட்டையில் முத்திரை. முத்திரை இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை.

[பெரும்பாலான டாக்டர்கள் காலைப் பார்ப்பதேயில்லை. பேசிக்கொண்டே குத்திவிடுவார்கள்.]

நாங்கள் நால்வர், கஷோயேரா ஊரின் ஆற்றங்கரைக் கறுப்புப் பெண்கள். இரண்டு படகுகளுக்கு நடுவே கயிறு கட்டி நீந்திப் பழகியவர்கள். அன்று குன்றின்மேல் இருந்த அந்தப் பணக்கார கிளப்பின் குளத்தில் மாநில ரிலே போட்டி, ஆளுக்கு நூறு மீட்டர். முந்தைய வாரம் பொதுக் குளத்தில் நாங்கள் எடுத்த நேரம், கிளப் அணியின் நேரத்தைவிட ஒரு நொடி குறைவு. செய்தித்தாளிலும் வந்திருந்தது.

கிளப் டாக்டர் ஆர்னால்டோ முதல் மூவருக்கும் நிமிராமலே முத்திரை குத்தினார். மூன்றாவது நான். நாலாவதாக ஜுசாரா வந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சேற்றுப்புண். அடுத்த ஆள்."

கணக்கைப் பாருங்கள். நால்வரையும் தடுத்தால் பத்திரிகைகள் எழுதும். ஒருத்தியைத் தடுத்தால் அது மருத்துவம். மூன்று பேர் ரிலே நீந்த முடியாது.

3

இந்த இடத்தில் நான் பொங்கி எழுந்து, டாக்டரை நாலு கேள்வி கேட்டதாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஜுசாரா போன் செய்தாள்.

"ஏன்டி எடில்மா, நீயா பேசின? நீ பயத்துல துண்டைக் கடிச்சிக்கிட்டு நின்ன!"

"கதைக்கு வேணும்டி."

"கதைக்கு என் வாய் போதும். திருத்து."

திருத்துகிறேன்.

4

ஜுசாரா தன் காலைத் தூக்கி டாக்டரின் மேசைமேல், அட்டைகளுக்கு நடுவில் வைத்தாள்.

"எந்த விரல் டாக்டர்?"

"காலை எடும்மா."

"நோய் இருக்குன்னீங்களே, காட்டுங்க. எல்லாரும் வாங்க, வந்து பாருங்க! காசு கிடையாது!"

பார்வையாளர் மாடியிலிருந்து அவள் அம்மா ஐவோனெத்தியின் குரல் இறங்கியது: "டாக்டரய்யா! பதினெட்டு வருஷம் நான் தேய்ச்சுக் கழுவின காலு. தைரியமாத் தொடுங்க, ஒட்டிக்காது!"

சிரிப்பு. டாக்டரின் காது சிவந்தது.

"போன வாரம் பொதுக் குளத்து டாக்டர் பாத்த அதே காலு," என்றாள் ஜுசாரா. "அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சா சந்தோஷம். அப்ப எல்லாருக்கும் இதே மாதிரி விரலைப் பிரிச்சுப் பாருங்க. முத்திரை வாங்கினவங்களையும். மொதல்ல இவங்க."

கிளப் அணியின் தலைவி எலோயிசா, முத்திரை காயாத அட்டையோடு நின்றாள். வலது காலை மெல்ல இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். வரிசை முழுக்கப் பார்த்தது. டாக்டரும் பார்த்தார்.

[எலோயிசாவை வில்லியாக்க ரொம்ப ஆசைப்பட்டேன். பதினேழு வயது, கால் அரிப்பு. அதற்குமேல் அவளிடம் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை.]

டாக்டர் முத்திரையை எடுத்தார். குத்தினார். ஜுசாரா காலை எடுக்கவில்லை.

"நல்லா அழுத்திக் குத்துங்க டாக்டர். மை பத்தல."

மறுபடி குத்தினார்.

5

முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

(அ) நாங்கள் ஜெயிக்கிறோம். டாக்டரே பதக்கம் மாட்ட...

(ஆ) கையளவு வித்தியாசத்தில் தோற்கிறோம். ஆனால் மக்களின் இதயங்களை...

இரண்டையும் கிழித்தாயிற்று. உண்மை எனக்குத் தெரியும், நீந்தியவள் நான். ஆனால் ஜுசாரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்:

"எத்தனையாவது வந்தோம்னு எழுதாத."

"வாசகருங்க என்னை உதைப்பாங்கடி."

"உதைக்கட்டும். ஜெயிச்சோம்னு எழுதினா, ஜெயிச்சதாலதான் நம்மளை உள்ள விடலாம்னு ஆயிடும். தோத்தோம்னா டாக்டர் சொன்னதே சரின்னு ஆயிடும். எறங்கினோம்ல? அதை எழுது."

எழுதுகிறேன்.

துப்பாக்கி வெடித்தது. முதல் இருவரும் நீந்தி முடித்தார்கள். மூன்றாவதாக நான் போய்த் திரும்பிச் சுவரைத் தொட்டேன். என் தலைக்குமேல் ஒரு நிழல் பறந்தது. தண்ணீர் இரண்டாகப் பிளந்தது. மாடியில் ஐவோனெத்தி அம்மா எழுந்து நின்று, பக்கத்திலிருந்த கிளப் சீமாட்டிகளின் தொப்பிகள் ஆடும்படி கத்தினார்: "அது என் பொண்ணு!"

இன்னும் நூறு மீட்டர் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் கடிகாரத்தைப் பாருங்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.